உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போட்றாதீங்க: பழைய ரிவால்வருக்கு பார்ட் தேடி மாட்டின கதை

மூணு சத்தம் கேக்கணும். எனக்கு ஒண்ணு தான் ஒழுங்கா கேட்டுச்சு.

கோல்ட் 1849 பாக்கெட் மாடல், 0.31 இன்ச், அஞ்சு குண்டு போடற பழைய கேப் ரிவால்வர் (தோட்டா கிடையாது, பின்னாடி மாட்டற சின்ன கேப் வெடிச்சு தான் மருந்து பத்திக்கும்). ஹேமரை, அதாவது கேப்பை அடிக்கற சுத்தியை, மெதுவா பின்னாடி இழுத்தா முதல்ல பாதி தூரத்துல ஒரு க்ளிக், அப்புறம் அடியில இருந்து சிலிண்டரைப் பூட்டற போல்ட் எழும்பி சிலிண்டர்ல போய் உக்கார்ற க்ளிக், கடைசியா ஹேமர் முழுசா பின்னாடி போய் நிக்கற, அதாவது காக் ஆகற க்ளிக், இது தான் அதோட பாட்டு (1873ல வந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிங்கற இன்னொரு கோல்ட் மாடல்ல நாலு சத்தம் வரும், அது வேற). என்கிட்ட வந்ததுல முதல் சத்தம் சரியா இருந்துச்சு, ரெண்டாவது இல்லவே இல்ல, மூணாவது அழுகிப் போன மாதிரி ஒரு 'சொத்'. சிலிண்டர் தன் இஷ்டத்துக்கு காத்தாடி மாதிரி சுத்துது.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். நான் கன்ஸ்மித் கிடையாது, பழைய மெஷின் எது கிடைச்சாலும் உள்ள என்ன இருக்குன்னு பாக்கற ஆள், அவ்வளவு தான். என்கிட்ட இருக்கற ரெண்டு பழைய துப்பாக்கியும் சட்டப்படி வச்சிருக்கறது, ரெண்டுமே சுடறதுக்கு இல்ல, அலமாரில இருக்கறதுக்கும் வந்தவங்ககிட்ட இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்றதுக்கும் தான். நூத்தம்பது வருஷ இரும்புக்கு நானே ஒரு பார்ட் செஞ்சு மாட்டிட்டு அதுல மருந்து போட்டுச் சுடற தைரியம் எனக்கு இல்ல, உங்களுக்கும் வேண்டாம்.

அடுத்தது இதைவிட முக்கியம். கையில வந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீங்க, ஒரு மெல்லிசான மரக்குச்சி தேடுங்க. கேப் ரிவால்வர்ல மருந்தும் ஈயக் குண்டும் சிலிண்டரோட முன்பக்கம் வழியா தான் போகும், வெளிய பாத்தா லோட் ஆகி இருக்கா இல்லையான்னு டக்குனு தெரியாது, ஏன்னா அழுக்கும் துருவும் சேந்து எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி இருட்டா தான் இருக்கும். கருமருந்து ஈரம் படாம இருந்தா நூறு வருஷம் கழிச்சும் பத்திக்கும். அந்தக் காலத்துல லோட் பண்ணி டிராயர்ல போட்டு அப்படியே மறந்து போனது இன்னைக்கும் கிடைக்குது. குச்சியை ஒவ்வொரு அறைக்குள்ளயும் விட்டு எவ்வளவு ஆழம் போகுதுன்னு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க, அஞ்சும் ஒரே ஆழமா இருக்கணும், அந்த ஆழம் கிட்டத்தட்ட பின்னாடி இருக்கற நிப்பிள் (கேப் மாட்டற சின்ன முனை) வரைக்கும் வரணும். ஒண்ணு மட்டும் குறைஞ்சாலோ, இல்ல அஞ்சுமே குறைவா இருந்தாலோ, அங்கயே நிறுத்திட்டு தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க. சூடு காட்றது, துளை போடறது, நிப்பிளைத் திருகறது எதுவும் கூடாது. என்னோடதுல அஞ்சும் காலி. ஆனா நான் குச்சி விட்டுப் பாத்தது ரெண்டாவது நாள் தான், முதல் நாளே நிப்பிளைத் திருகிப் பாத்துட்டேன். இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

சரி, என்ன உடைஞ்சிருக்குன்னு பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஹேமரை இழுக்கும்போது 'ஹேண்ட்'னு ஒரு சின்ன விரல் மாதிரி பார்ட் மேல போய் சிலிண்டரோட பின்னாடி இருக்கற பல்லைத் தள்ளும், அந்த விரலை முன்னாடி பாத்து அழுத்தி வச்சிருக்கறது அதோட முதுகுல இருக்கற தகடு ஸ்பிரிங். பேரலைத் தரையைப் பாத்துப் பிடிச்சு ஹேமரை இழுத்தேன், சிலிண்டர் சுத்துச்சு. கூரையைப் பாத்துப் பிடிச்சு இழுத்தேன், அசையல. அப்ப விரலை முன்னாடி தள்றது ஸ்பிரிங் இல்ல, புவியீர்ப்பு தான், கூரையைப் பாத்துப் பிடிச்சா அது பின்னாடி சாஞ்சுக்குது. ஸ்பிரிங் போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுது. ரெண்டாவது சத்தம் வராததுக்கு போல்ட் மேல வரல, அதைத் தள்ற ஸ்பிரிங்கும் போயிருக்கணும். ட்ரிக்கருக்கும் போல்ட்டுக்கும் சேத்து ஒரே தகடு தான், கவட்டை மாதிரி ரெண்டு காலு. ட்ரிக்கர் காலு இருக்கு, போல்ட் காலு இல்ல. பிரிச்சுப் பாத்தப்போ நினைச்சது அப்படியே இருந்துச்சு, கோல்ட் டிசைன்ல முதல்ல உடையறதே இந்த ரெண்டு ஸ்பிரிங்கும் போல்ட்டோட மெல்லிசான காலும் தான்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன்.

பிரிக்கற கதைக்கு வருவோம். பழைய ஸ்க்ரூவோட தலைல இருக்கற வெட்டு ரொம்பக் குறுகலா இருக்கும், நம்ம வீட்டு ஸ்க்ரூடிரைவர் நுனி ஆப்பு மாதிரி சரிஞ்சு இருக்கும், அது வெட்டோட அடி வரைக்கும் போகாது, திருகினா மேல ஏறி வந்து வெட்டோட உதட்டைப் பிச்சுக்கிட்டு வந்துடும். அந்தக் காயம் ஆயுசுக்கும் இருக்கும், வாங்கறவன் முதல்ல பாக்கறதே அதைத் தான். ரெண்டு பக்கமும் குழிவா சாணை பிடிச்சு நுனி ஒரே தடிமனா இருக்கற டிரைவர் வேணும், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அகலம் தடிமன் ரெண்டும் பாத்து நுனியை நானே ராவிச் சரி பண்ணிக்கிட்டேன். எண்ணெய் விட்டு நான் பன்னெண்டு நாள் காத்திருந்தேன். வீட்ல "அந்த டப்பால என்ன ஊறப் போட்டிருக்க"ன்னு கேட்டாங்க. கடைசில திருகறதுக்கு முன்னாடி டிரைவரை வெட்டுல வச்சு மரச்சுத்தியால ரெண்டு தட்டு, அப்புறம் முதல்ல கொஞ்சம் இறுக்கற பக்கமா ஒரு அசைவு, அப்புறம் தான் கழட்டற பக்கம். அந்த 'டிக்'னு விடற சத்தம் இருக்கே, அது தனி சுகம்.

கழட்ற வரிசை இந்த மாடல்ல இப்படி. வெட்ஜை (பேரலைப் பிடிச்சு வச்சிருக்கற ஆப்பு) மரக்கட்டை வச்சு தட்டி எடுத்து பேரல், அப்புறம் சிலிண்டர், பின்னாடி பேக்ஸ்ட்ராப் ஸ்க்ரூ மூணு, பிடி, மெயின் ஸ்பிரிங், அடியில ட்ரிக்கர் கார்டு ஸ்க்ரூ மூணு, அதுக்குள்ள அந்தக் கவட்டை ஸ்பிரிங், ட்ரிக்கர், போல்ட், கடைசில ஹேமரை ஹேண்டோட சேத்து கீழ்ப்பக்கமா உருவணும். ஒரு அட்டைல துப்பாக்கி படத்தை வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எந்த இடத்துலன்னு அந்தந்த எடத்துலயே குத்தி வச்சிடுங்க. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், நீளம் அரை நூல் வித்தியாசம் இருக்கும், மாத்திப் போட்டா நுனி உள்ள போய் வேற பார்ட்டை உரசும்.

உள்ள கறுத்துப் போன கிரீஸ். துணியால துடைச்சு அந்த அழுக்கை குப்பைத் தொட்டில போடப் போனப்போ ஏதோ குத்துச்சு. பாத்தா உடைஞ்ச ஸ்பிரிங் காலு, நகத்துண்டு அளவு. இது தான் எனக்குக் கிடைச்ச மொத்த கதையிலயும் பெரிய அதிர்ஷ்டம்னு அப்ப தெரியல. அதுக்கு அகலம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, நுனி எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு எல்லாம் அந்தத் துண்டுல தான் எழுதி இருக்கு. எந்தப் புத்தகத்துலயும் படத்துலயும் அது கிடைக்காது. அன்னைலேர்ந்து உடைஞ்ச எதையும் தூக்கிப் போடறது இல்ல, தீப்பெட்டில போட்டு மேல பேர் எழுதி வைக்கறேன்.

இப்ப பார்ட் வேட்டை. நான் பண்ண முதல் தப்பு, பேரை மட்டும் வச்சுத் தேடினது. பழைய துப்பாக்கில பேரும் வருஷமும் எப்பவும் ஏமாத்தும். எல்லாரும் '1858 ரெமிங்டன்'னு சொல்ற துப்பாக்கியையே எடுத்துக்கோங்க, பேரல்ல 1858 செப்டம்பர் 14ன்னு இருக்கறது பேட்டன்ட் தேதி, அந்த நியூ மாடல் ஆர்மி 1863 வாக்குல தான் வர ஆரம்பிச்சுது. அந்த மாதிரி என் 1849ம் கிட்டத்தட்ட 1850ல இருந்து 1873 வரைக்கும் மூணு லட்சத்துக்கு மேல அடிச்சது, நடுவுல சின்னச் சின்ன மாத்தம் நிறைய. விக்கறவர் போட்டிருந்தது '1849 போல்ட், ஒரிஜினல்'. வந்தது பாத்தா இத்தாலி ரீப்ரொடக்‌ஷனோட பார்ட், அதுவும் யாரோ ஏற்கனவே ராவிக் கெடுத்தது, பழசு மாதிரி தெரிய ஏதோ ஊத்தித் துரு ஏத்தி இருக்காங்க. அளவு எடுத்துப் பாத்தா ஸ்க்ரூ ஓட்டையே வேற. திருப்பி அனுப்பற செலவு பார்ட்டை விட அதிகம், சுண்டக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதை தான், வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் யார்கிட்ட வாங்கினாலும் மூணு போட்டோ கேப்பேன்: பார்ட் பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒண்ணு, ஸ்க்ரூ ஓட்டை மேல காலிப்பர் வச்சு ஒண்ணு, வெளிச்சத்துல சாய்ச்சு ராவின தடம் தெரியற மாதிரி ஒண்ணு. ஒழுங்கானவர் அனுப்பிடுவார். 'ஃபிட் ஆகும் சார், கவலைப்படாதீங்க'ன்னு மட்டும் பதில் வந்தா நகந்துடுங்க.

ரீப்ரொடக்‌ஷன் பார்ட்டை நான் குறை சொல்லல. இத்தாலில ப்ரெஷா பக்கத்துல கார்டோனே வால் ட்ரோம்பியாங்கற ஊர்ல 1950கள் கடைசில இருந்து பழைய கோல்ட், ரெமிங்டன் மாடலை எல்லாம் புதுசா செய்யறாங்க, உபெர்ட்டி கம்பெனி 1959ல அங்க ஆரம்பிச்சது தான். அதனால தான் இன்னைக்கு நமக்கு ஸ்பிரிங்கும் ஹேண்டும் போல்ட்டும் புதுசாவே கிடைக்குது. ஆனா அது 'கிட்டத்தட்ட' பார்ட், மாட்டினா அப்படியே ஓடற பார்ட் இல்ல. ஸ்க்ரூ மரை மெட்ரிக்ல இருக்கும், நிப்பிளும் அப்படித் தான் பெரும்பாலும். பழைய துப்பாக்கில மரை அந்தந்த ஃபேக்டரியோட சொந்தக் கணக்கு. ரெண்டு சுத்து நல்லா போகும், மூணாவது சுத்துல இறுகும், 'கொஞ்சம் அழுத்தினா போயிடும்'னு மனசு சொல்லும். சத்தியமா அழுத்தாதீங்க. நிப்பிள் மரை போனா சிலிண்டரே போச்சு.

இந்த 'கிட்டத்தட்ட' ஏன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது புரிஞ்ச அப்புறம் தான் என் கோபம் அடங்குச்சு. சாமுவேல் கோல்ட் மெஷின்ல பார்ட் செய்யறதுக்குப் பேர் போனவர், 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சில துப்பாக்கிங்களைக் கொண்டு போய் வச்சு பேர் வாங்கினார், 1853ல அங்கயே ஃபேக்டரியும் போட்டார். அதனால எந்த கோல்ட் பார்ட்டும் எந்த கோல்ட்லயும் உக்காரும்னு நாம நினைச்சுக்கறோம். நடந்தது அப்படி இல்ல. மெஷின்ல வெட்டின பார்ட்டை இரும்பு மெதுவா இருக்கும்போதே ஒரு ஆள் உக்காந்து அரத்தால ராவி ராவி ஒண்ணோட ஒண்ணு பொருத்துவார், பொருந்தினதும் நம்பர் அடிச்சு, பிரிச்சு, கடினப்படுத்தி, மறுபடி அதே நம்பர் பாத்து சேப்பாங்க. ஃபிரேம்ல, பேரல்ல, ட்ரிக்கர் கார்டுல ஒரே நம்பர் இருக்கறது அதுக்குத் தான், அழகுக்கு இல்ல. அதாவது உங்க கையில இருக்கற துப்பாக்கியோட போல்ட், அந்த ஒரு துப்பாக்கிக்காக ஒரு ஆள் உக்காந்து ராவினது. இன்னொரு ஒரிஜினல் 1849லேர்ந்து எடுத்த போல்ட்டு கூட அப்படியே உக்காராது. அப்ப நாம செய்யப் போறதும் அந்த ஆள் செஞ்ச அதே வேலை தான், நூத்தம்பது வருஷம் லேட்டா.

இதுல இருந்து வர்ற ஒரே விதி: ராவறது எப்பவும் புது பார்ட்டைத் தான். பழைய ஃபிரேம், பழைய ஹேமர், பழைய சிலிண்டர் மேல அரம் படவே கூடாது. போல்ட் தலை சிலிண்டர் பள்ளத்துக்குள்ள போகலைன்னா பள்ளத்தை அகலமாக்கத் தோணும், ஏன்னா அது ஒரு நிமிஷ வேலை. போல்ட்டை ராவறது ரெண்டு சாயங்கால வேலை. புது போல்ட் கெட்டா இன்னொண்ணு வாங்கலாம், சிலிண்டருக்கு எங்க போறது. என் சிலிண்டர் மேல ஒரு கோச்சு வண்டிக் கொள்ளை சீன் பொறிச்சிருக்கும், டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பிங்கற செதுக்கலாளர் பண்ண டிசைன், தேஞ்சு போய் குதிரைக் காலு மட்டும் தான் தெரியுது, ஆனா தெரியுது.

ஹேண்டுல தான் நான் அசிங்கப்பட்டது. புது ஹேண்ட் வந்துச்சு, கொஞ்சம் நீளம். நீளமா இருந்தா என்ன ஆகும்னா சிலிண்டர் முன்னாடியே போய் லாக் ஆயிடும், ஹேமர் இன்னும் முழுசா காக் ஆகாம நடுவுல முட்டிக்கிட்டு நிக்கும். குட்டையா இருந்தா நேர் எதிர், ஹேமர் காக் ஆயிடும் ஆனா சிலிண்டர் இன்னும் இடத்துக்கு வந்திருக்காது. எனக்கு முட்டுச்சு. ரெண்டு ராவு ராவி மாட்டி பாத்தேன், முட்டுச்சு. நாலு ராவு, முட்டுச்சு. மாட்டிக் கழட்ட ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம், ராத்திரி பதினொண்ணு ஆயிடுச்சு, சரி இந்தத் தடவை கொஞ்சம் தாராளமா எடுத்துடுவோம்னு பத்து ராவு ராவிட்டேன். மாட்டினா குட்டை. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்சுது. தேஞ்ச ஹேண்டை சின்ன சுத்தியால பக்கவாட்டுல தட்டி நீளம் இழுக்கற பழைய வித்தை ஒண்ணு இருக்கு, பண்ணிப் பாத்தேன், புது ஹேண்டோட மேல் தோல் கடினமா இருந்ததால நுனில கீறல் விட்டுடுச்சு. இன்னொரு ஹேண்ட் வாங்கினேன். இதுலயும் ஒரு நுணுக்கம், அஞ்சு பல்லுக்கும் சோதிக்கணும், ஒரு பல்லுல சரியா இருந்துச்சுன்னு நிறுத்தக் கூடாது. அஞ்சு பல்லும் ஒரே மாதிரி தேஞ்சிருக்காது. ரொம்பத் தேஞ்ச பல்லுக்கும் லாக் ஆகணும், தேயாத பல்லுல முட்டவும் கூடாது, அந்த நடு இடத்தைப் பிடிக்கணும்.

ரெண்டாவது ஹேண்டுல மெழுகுவத்திக்கு மாறினேன். பார்ட்டோட நுனியை மெழுகுவத்தி ஜுவாலை மேல காட்டி கரி படிய வச்சு, மெதுவா மாட்டி, ஒரே ஒரு தடவை ஹேமரை இழுத்து, கழட்டி லென்ஸ் வச்சுப் பாத்தா எந்த இடம் உரசுதோ அங்க மட்டும் கரி அழிஞ்சு பளிச்சுனு இருக்கும். அந்தப் பளிச்சை மட்டும், அரம் கூட இல்ல, எண்ணெய்க்கல்லால ரெண்டு இழுப்பு. மறுபடி கரி. இது தான் மொத்த வித்தையும். ராவணும்னு தோணுற இடம் ஒண்ணா இருக்கும், உண்மையா உரசற இடம் வேறயா இருக்கும். என் கேஸ்ல ஹேண்ட் நுனி இல்ல, அதோட பக்கம் ஃபிரேம் பள்ளத்துல ஒரு பிசிறுல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. முதல் ஹேண்டை நான் அநியாயமா கொன்னிருக்கேன்.

போல்ட்டுக்கு வேற கணக்கு. போல்ட்டோட ஒரு காலு ஹேமர் பக்கத்துல இருக்கற சின்ன மேடு மேல ஏறி இறங்கணும். ஹேமர் கிளம்பினதும் காலு மேல ஏறும், அதனால போல்ட் தலை கீழ இறங்கி சிலிண்டரை விடும், அப்புறம் காலு மேட்டோட முனைல இருந்து நழுவும்போது தலை மேல வந்து சிலிண்டரைத் தொடும். அந்த நழுவற நேரத்தை முடிவு பண்றது காலோட நீளம். நீளமா இருந்தா லேட்டா நழுவும், பள்ளம் தாண்டிப் போயிடும். குட்டையா இருந்தா சீக்கிரம் நழுவி சிலிண்டர் மேல உரசிக்கிட்டே வரும், சுத்திலும் ஒரு கோடு விழும். பழைய சிலிண்டர்ல அந்த வளையக் கோடு பாத்திருப்பீங்க, நிறைய அதுல வந்தது தான். பள்ளத்துக்கு முன்னாடி சரிவா ஒரு வழி வெட்டி இருக்கும், போல்ட் அந்தச் சரிவுல இறங்கினா சரி. புது போல்ட் காலு எப்பவும் வேணும்னே நீளமா தான் வரும், கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அந்தக் காலு மேட்டு மேல ஏறி இறங்கும்போது பக்கவாட்டுல வளைஞ்சு கொடுக்கணும், ஸ்பிரிங் மாதிரி, அதனால காலை வளைச்சு சரி பண்ணப் பாத்தீங்கன்னா உடையும். நான் வளைக்கல, அதுக்குள்ள பயம் வந்திருந்துச்சு.

அந்தக் கவட்டை ஸ்பிரிங் மட்டும் ஆச்சரியமா கிட்டத்தட்ட அப்படியே உக்காந்துச்சு, தீப்பெட்டில இருந்த உடைஞ்ச காலை பக்கத்துல வச்சு அகலத்தை மட்டும் ஒரு மயிரிழை குறைச்சேன். மூணு சத்தமும் வந்த அன்னைக்கு விடியக்காலை ரெண்டு மணி. வீட்ல எல்லாரும் தூக்கம். யார்கிட்ட காட்றது? ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சேன்.

இது வரைக்கும் சொன்னது சுலபமான துப்பாக்கி. கஷ்டமானது ரெண்டாவது.

அது ஒரு புல்டாக் ரிவால்வர், பொடிசு, சட்டைப் பையில போடற அளவு. வெப்லிங்கற இங்கிலாந்து கம்பெனி 1872ல கொண்டு வந்த டிசைன், அதைப் பாத்து பெல்ஜியத்துல லியேஜ் ஊர்ல கணக்கில்லாம காப்பி அடிச்சாங்க. என்னோடது அந்த காப்பி, சிலிண்டர்ல முட்டை வடிவத்துக்குள்ள இ.எல்.ஜி.ன்னு லியேஜ் சோதனை முத்திரை இருக்கு. அந்த முத்திரை யார் செஞ்சாங்கன்னு சொல்லாது, சோதிச்சாச்சுன்னு மட்டும் தான் சொல்லும், இதை பிராண்டு பேர்னு நினைச்சு ஒரு மாசம் தேடினவன் நான். லியேஜ்ல அப்ப வேலை நடந்ததே வீட்டு வீட்டுக்கு, ஒரு வீட்ல பேரல், ஒரு வீட்ல லாக், ஒரு வீட்ல பிடி. அதனால 'இந்த மாடலுக்கு மெயின் ஸ்பிரிங்'னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. V மாதிரி வளைஞ்ச மெயின் ஸ்பிரிங், வளைவுலயே ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. ரெண்டு துண்டும் இருந்துச்சு, தீப்பெட்டி நம்பர் ரெண்டு.

நான் போனது ஒரு வாட்ச் ரிப்பேர் அண்ணன்கிட்ட, வயசானவர், துப்பாக்கியைத் தொட்டதே இல்ல. ஸ்பிரிங் துண்டை மட்டும் காட்டினேன். லென்ஸைக் கண்ணுல மாட்டி உடைஞ்ச இடத்தைப் பாத்தார்.

"தம்பி, இது எதுக்கு உடைஞ்சுதுன்னு தெரியுதா? குறுக்க ஒரு கீறல் இருக்கு பாரு. எவனோ குறுக்க ராவி இருக்கான்."

"அதனால உடையுமாண்ணே?"

"அந்தக் கீறல்ல தான் விரிசலே ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கை எப்பவும் நெடுக்க ராவணும், நெடுக்க தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்கணும். குறுக்க ஒரு கோடு இருந்தாலும் நீ போட்டது வீண்."

அவர் சொல்லிக் கொடுத்தபடி செஞ்சேன். ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை வாங்கி மெதுவாக்கி, உடைஞ்ச ரெண்டு துண்டையும் ஒட்ட வச்சுப் பாத்து அச்சு எடுத்து, ராவி, செக்கச் செவேல்னு காய்ச்சி வளைச்சு, நெடுக்கவே தேச்சுப் பளபளப்பாக்கி, அப்புறம் கடினப்படுத்தணும். எவ்வளவு காய்ச்சணும்னு கண்ணால பாத்து சொல்ற பழக்கம் எனக்கு இல்ல, காந்தம் வச்சுப் பாத்தேன், எஃகு 770 டிகிரி வாக்குல காந்தத்துல ஒட்டறதை விட்டுடும், அதுக்கு மேல கொஞ்சம் போய் எண்ணெய்ல முக்கணும். முக்கி எடுத்தா கண்ணாடி மாதிரி, கீழ போட்டா நொறுங்கும். இப்ப பதம் இறக்கணும், டெம்பர். ஒரு சின்ன தட்டுல பித்தளைத் தூளைப் பரப்பி, அதுல ஸ்பிரிங்கை பாதி புதைச்சு அடியில சூடு காட்டினா எல்லாப் பக்கமும் ஒரே சூடு ஏறும், தேச்சுப் பளிச்சுனு வச்ச எஃகு மேல முதல்ல வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ, அப்புறம் நீலம். நீலம் வந்தா 300 டிகிரி பக்கம், அங்க எடுத்துடணும்.

முதல் ஸ்பிரிங் கத்திரிப்பூ நிறத்துலயே எடுத்துட்டேன், அவசரம். வைஸ்ல மெதுவா அழுத்தினதுமே 'டக்', ஒரு பாதி எங்க பறந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. ரெண்டாவது சரியாவே காயல போல, அழுத்தினா அழுத்தினபடியே நின்னுடுச்சு, திரும்பி வரல. அண்ணன் அதை வாங்கிப் பாத்துட்டு, "எஃகு உன் அவசரத்துக்கு வேகாதுடா"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டார். மூணாவது நின்னுச்சு. வைஸ்ல மூணு தடவை அழுத்தி விட்டு, நாலாவது தடவை அழுத்தினபடியே ராத்திரி பூரா வச்சேன், காலைல விட்டதும் அதே வளைவுக்கு வந்துச்சு. ஸ்பிரிங்கை உள்ள மாட்டறப்போ வெறும் கட்டிங் பிளையர்ல பிடிச்சு அழுத்தாதீங்க, நழுவினா கையில ஆழமா இறங்கும். அதோட அழுத்தின அகலத்துக்கு ஒரு பித்தளைத் துண்டுல வெட்டு போட்டு, வைஸ்ல அழுத்தினபடி அந்த வெட்டுக்குள்ள மாட்டிட்டா அது அப்படியே பிடிச்சு வச்சிருக்கும், இடத்துல உக்கார வச்சுட்டு பித்தளையை உருவிடலாம்.

பிடியைப் பத்தி ரெண்டு வரி. பழைய கறுப்பு ஹார்ட் ரப்பர் பிடி வெயில் பட்டா பழுப்பா போயிடும், வயசானா பிஸ்கட் மாதிரி, ஸ்க்ரூவை ஒரு சுத்து அதிகமா இறுக்கினா உடையும். புதுசா வாங்கினா கொஞ்சம் பெருசா வரும், அது நல்லது தான், ஃபிரேம் மேல வச்சு தேச்சு இறக்கிக்கலாம். ஃபிரேமைத் தொட வேண்டாம், அதே விதி.

பாலிஷ், புது ப்ளூயிங் (இரும்பு மேல நீலக்கறுப்பு நிறம் ஏத்தறது) இதெல்லாம் கேக்கறவங்க இருக்காங்க. வேண்டாம். கறுப்பும் பழுப்பும் கலந்து தானா வந்த அந்த நிறம் போனா திரும்ப வராது. துரு மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிசான பித்தளைத் தகடால சுரண்டி எடுத்தா போதும். மாத்தின பார்ட்டோட பழசை ஒரு கவர்ல போட்டு துப்பாக்கியோடவே வைங்க, என்னைக்காவது கை மாறும்போது எது ஒரிஜினல், எது நீங்க போட்டதுன்னு ஒரு சீட்டு எழுதி வைங்க. சொல்லாம வித்தா அது பொய் தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு தலைகீழா இருக்கு. அமெரிக்கால 1968 சட்டப்படி 1898க்குள்ள செஞ்சது ஆன்டிக். பிரிட்டன்ல வருஷம் மட்டும் பத்தாது, எந்தத் தோட்டா போடறதுங்கறதையும் பாக்கறாங்க, 2021ல புது விதி வந்தப்போ அது வரைக்கும் ஆன்டிக்னு இருந்த சில ரிவால்வர் தோட்டா அளவுங்களை பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்க, வச்சிருந்தவங்க லைசென்ஸுக்கு ஓட வேண்டியதாச்சு. இந்தியால 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் பண்ற தொழிலுக்கே லைசென்ஸ் வேணும். பார்ட்லயும் ஸ்பிரிங், ஸ்க்ரூ ஒரு வகை, பேரல், சிலிண்டர், ஃபிரேம் வேற வகை. பின்னது மூணும் நிறைய நாட்டுல துப்பாக்கிக்குச் சமம். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல எழுத்துல கேட்டு வாங்கிடுங்க, விக்கறவர் சொல்றதை நம்பாதீங்க, அவருக்கு அவர் ஊர் சட்டம் தான் தெரியும்.

புல்டாக் இப்ப ஓடுது, ஒரு குறையைத் தவிர. பக்கத் தகட்டைப் பிடிக்கற ஸ்க்ரூ நான் வாங்கறப்பவே இல்ல. மரை அளந்து பாத்தேன், இங்கிலீஷ் கணக்குலயும் வரல, மெட்ரிக்லயும் வரல, எந்த வீட்ல எந்தக் கருவில வெட்டினாங்களோ. உடைஞ்ச துண்டு கூட இல்லாததால அச்சுக்கும் வழி இல்ல. ஓட்டைக்குள்ள மெழுகை உருக்கி விட்டு, ஆறினதும் மெதுவா திருகி எடுத்து, அந்த மெழுகு மரையோட பல்லை லென்ஸ் வச்சு எண்ணிக்கிட்டிருக்கேன். ரெண்டு தடவை எண்ணினேன், ரெண்டு தடவையும் வேற வேற கணக்கு வந்துச்சு. அது வரைக்கும் அந்த ஓட்டைல ஒரு பல்குச்சி செருகி இருக்கு.